இடுப்பில் ஒன்பது வருடம் இருந்த 7.65

660 கிறாம். என் பிஸ்டலுக்குள் எட்டு ரவையும் போட்டு, வாடியில் மீன் நிறுக்கும் தராசிலேயே வைத்துப் பார்த்த நிறை இது. ஒரு நடுத்தர விளைமீன் அளவு. கையில் வாங்கிய அன்று ‘இவ்வளவுதானா’ என்றிருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு விடியப்புறம் மூன்று மணிக்குக் கரைக்குப் போய், பத்து மணிவரை ஐஸ்பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்த பிறகுதான் அந்த நிறை என்னவென்று தெரிந்தது.

திருகோணமலையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறேன். தற்பாதுகாப்புக்கென்று 2015இல் எனக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. காரணம் காசு. அப்போதெல்லாம் படகுக்காரருக்கு அன்றன்றே கையில் எண்ணிக் கொடுக்கவேண்டும். கொழும்பில் மீன் விற்ற காசும் லொறியிலேயே திரும்பி வரும். ஏறத்தாழ 260 கிலோமீற்றர், பெரும்பாலும் இரவுப் பயணம். நம் நாட்டில் இது கடைக்குப் போய் வாங்கிவரும் சாமான் இல்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் போனில் ஒரே மூச்சில் இருபது மொடல் சொல்வார். அங்கே உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோவதற்கென்றே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவை இரண்டுதான்: ஒரு குட்டி 9 மில்லிமீற்றர், ஒரு பழைய பாணி 7.65. இந்த எண்கள் ரவையின் தடிப்பைச் சொல்பவை.

மச்சான் ஒன்பதைத்தான் எடுக்கச் சொன்னார். கணக்கு அவர் பக்கம்தான். 7.65இன் ரவைமுனை 5 கிறாமுக்கும் குறைவு. அது அடிக்கும் பலம், ஒன்பதின் பலத்தில் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. பிறௌனிங் என்ற மனிதர் 1899 வாக்கில் உருவாக்கிய ரவை அது. ஜேர்மனியின் வோல்தர் பீ.பீ.கே. பிஸ்டல் 1931இல் வந்தபோதும் பெரும்பாலும் இதையே தின்றது. கிழட்டு ரவை என்று மச்சான் சிரித்தார்.

சுட்டுப் பார்த்தபோது கதை வேறு. அந்தக் குட்டி ஒன்பது ஒவ்வொரு வெடிக்கும் கையை விட்டுத் துள்ளியது. இரண்டாவது ரவை எங்கே போனதென்றே தெரியவில்லை. என் கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பது வருடம் மீன்முள் குத்தி, ஐஸ் தின்ற விரல்கள். காலையில் சேட்டுப் பொத்தான் போடவே நேரமெடுக்கும். 7.65 அந்த விரல்களுக்குள் அடங்கி நின்றது. ஐந்தில் நான்கு ரவை அட்டையில் விழுந்தது. அதையே எடுத்தேன். அதைவிடச் சின்ன .22 பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் வெடிமருந்துப் பொறி ரவையின் விளிம்புக்குள் இருக்கிறது, நடுவில் அடிபடும் ரவைகளைவிட அது வெடிக்காமல் போவது அதிகம். தகரத்தைச் சுடுவதென்றால் சரி, உயிரை நம்பி வைப்பதென்றால் நான் வைக்கமாட்டேன்.

7.65இலும் ஒரு கோளாறு உண்டு, யாரும் முதலில் சொல்லித்தரவில்லை. இந்த ரவையின் பின்விளிம்பு உடலைவிட மயிரிழை அகலம். ரவைக்கூட்டில் ஒவ்வொன்றாக அடுக்கும்போது, மேலே வரும் ரவையின் விளிம்பு கீழிருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். முதல் வருடம் பழகப் போன இடத்தில் எனக்கு அப்படி மாட்டியது. பெருவிரலால் எவ்வளவு அமுக்கினாலும் அசையவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ரவையையும் நகத்தால் தடவிப் பார்த்தே வைத்தேன்.

சரி, உண்மையான எதிரிக்கு வருவோம். கள்ளன் இல்லை, உப்பு.

என்னுடையது கறுப்பேற்றிய இரும்பு. வாங்கி மூன்றாம் நாள், உடம்போடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் வந்துவிட்டன. கச்சான் காற்றுக் காலத்தில் வியர்வை, மாரியில் ஈரம், வருடம் முழுக்கக் கடல். தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் வியர்வையையும் உப்பையும் பஞ்சுபோல் குடித்து வைத்துக்கொண்டு இரவு முழுக்க இரும்புக்குப் பூசும். உறைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விலையாக, குழலின் வாயோரம் ஒரு சின்னக் குழி விழுந்தது. எண்ணெய் தீர்ந்த ஒரு நாள் தேங்காய் எண்ணெய் பூசினேன், சிரிக்கவேண்டாம். ஒரு மாதத்தில் அது பிசினாகி, மேல்பாகத்தை இழுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. கடைசியில் கைகொடுத்தது மனைவியின் தையல் மெசின் எண்ணெய். தினமும் இரவு, பழைய பனியன் துண்டில் நான்கு சொட்டு. ஒருமுறை கழற்றித் துடைக்கும்போது பிஸ்டலின் சுத்தியலுக்குப் பின்னால் ஒரு மீன்செதில், காய்ந்து கண்ணாடிமாதிரி நின்றது. எப்படி உள்ளே போனதென்று இன்றுவரை புரியவில்லை.

“தங்கச்சியின்ர நகையைக்கூட நீங்கள் இப்பிடித் துடைக்கேல்ல” என்பாள் மனைவி.

உடுப்பு அடுத்த சங்கடம். சாரத்தில் இது நிற்காது. பட்டி கட்டினாலும் ஒருபக்கம் சரிந்து இழுக்கும். இதற்காகவே வாடிக்குக் களிசான் போடத் தொடங்கினேன். “முதலாளிக்குக் கந்தோரில வேலை கிடைச்சிட்டுது” என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். சேட்டை வெளியே விட்டால் மறையும், ஆனால் பெட்டி தூக்கக் கையை உயர்த்தினால் தெரியும். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால், இராணுவத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்று அது வீட்டுப் பெட்டகத்தில், சாவி என் அரைஞாணில். பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ரவைக்கூட்டையும் பிஸ்டலையும் வேறு வேறு பூட்டில் வைத்தேன்.

பயன்பட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட ஒரு மனிதனை நோக்கி எடுத்ததில்லை. ஒரேயொரு நாள், ஹபரணைக்கு இப்பால், நடுறோட்டில் தனி யானை. பின்னால் மீன் வாடை அடிக்கும் லொறி, முன்னால் அது. “முதலாளி, அதை எடுங்கோ!” என்றான் டிரைவர். 5 கிறாம் ஈயத்தை வைத்துக்கொண்டு யானையோடு பேச்சுவார்த்தையா? எஞ்சினை நிறுத்திவிட்டு முக்கால் மணிநேரம் இருந்தோம். அது தானாகக் காட்டுக்குள் போனது.

2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. வெலிசறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பக் கேட்டு நான் எழுதவில்லை. இப்போது கொழும்பு வியாபாரி மீன் இறங்கியதுமே வங்கிக்குப் போட்டுவிடுகிறார், படகுக்காரரில் பாதிப்பேரும் அப்படித்தான் கேட்கிறார்கள். லொறியில் டீசல் காசு மட்டும்தான்.

அனுமதி கிடைக்கப்போகிற ஒருவர் என்னிடம் கேட்டால் ரவையின் அளவைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசமாட்டேன். கறுப்பேற்றிய இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்ரிக் உடல். நிறை அரைக் கிலோவுக்குக் கீழே. தோல் உறை வேண்டாம். கெட்டிப் பிளாஸ்ரிக் உறை, விசையை முழுக்க மூடவேண்டும். 7.65ஐயே மறுபடி எடுப்பேன், மச்சான் என்ன சொன்னாலும்.

பழைய தோல் உறை என்னிடமே தங்கிவிட்டது. வாடிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, அதற்குள் சாணைக்கல். கச்சான் அடிக்கும்போது தையல் ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகிறது.