பட்டியலைப் பகிரும்போது எந்த எண்ணை நம்புவது?

இரண்டு நூலகங்களின் பட்டியலை ஒன்றாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. இரண்டிலும் 4521 என்ற எண்ணில் ஒரு பதிவு இருந்தது. ஒன்று சித்த மருத்துவம், மற்றது கணக்குப்பதிவியல். ஏற்றி முடித்துப் பார்த்தால் சித்த மருத்துவத்தைக் காணோம். பின்னால் வந்தது முன்னால் இருந்ததன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து யார் மார்க் கோப்பு (நூலகப் பதிவுகளைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் வடிவம்) அனுப்பினாலும் முதலில் பதிவின் எண் இருக்கும் 001-ஆம் புலத்தைத்தான் திறந்து பார்க்கிறேன்.

‘ஐஎஸ்பிஎன் இருக்கும்போது என்ன கவலை?’ என்று கேட்பார்கள். அது புத்தகத்தின் எண், பதிவின் எண் அல்ல. ஒரே புத்தகத்துக்குப் பத்து நூலகங்கள் பதிவு போட்டால் பத்திலும் அதே எண்தான் இருக்கும். 1960-களில் அச்சான தமிழ் நூலில் அந்த எண்ணே கிடையாது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண். போதாக்குறைக்குப் பழைய எண்ணைப் புதுப் புத்தகத்துக்குப் போட்டுவிடும் பதிப்பாளர்களும் உண்டு. 2007 முதல் 13 இலக்கம் வந்துவிட்டதால், பழைய பதிவில் 10 இலக்கமும் புதியதில் 13 இலக்கமும் இருக்கும். முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும். இரண்டு பதிவுகள் ஒரே நூலுக்கானவையா என்று துப்புப் பார்க்க ஐஎஸ்பிஎன் நல்லது, அவ்வளவுதான்.

ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு தரும் எண் இதைவிட மேல். அது பதிவுக்கே தரப்படும் எண். இரட்டைப் பதிவுகளை அவர்கள் ஒன்றாக்கும்போது பழைய எண்ணை 019-ஆம் புலத்தில் விட்டுவைப்பார்கள், நல்ல பழக்கம். ஆனால் அவர்களின் பொதுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் ஏறாத பதிவுக்கு அந்த எண் ஏது? நம் ஊர்ச் சிறு நூலகங்களுக்கு அங்கேயே கதை முடிகிறது.

யூயூஐடி என்பது கணினியே உருவாக்கித் தரும் 36 எழுத்து அடையாளம். மோதல் வராது. யாருடைய பதிவு என்றும் தெரியாது.

என் ஓட்டு நூலகத்தின் சொந்த எண்ணுக்கே. ஆனால் தனியாக அல்ல: 001-இல் எண், 003-இல் நூலகத்தின் குறியீடு. அந்தக் குறியீடுகளின் பட்டியலை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கிறது. பதிவைப் பெறுபவர் இந்த இரண்டையும் சேர்த்து, பிற அமைப்புகளின் எண்களுக்கான 035-ஆம் புலத்துக்கு நகர்த்திவிட்டு, 001-இல் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இப்படிச் செய்திருந்தால் அந்த 4521 இரண்டும் சண்டை போட்டிருக்காது.

சரி, இதிலும் பள்ளம் உண்டு. கோஹா என்ற நூலக மென்பொருள் தானாகத் தரும் பதிவு எண்ணையே 001-ஆக வைத்துவிட்டு, பிறகு பதிவுகளை வேறொரு கோஹாவுக்கு ஏற்றுமதி செய்தால் அங்கே புது எண் விழும், வெளியே கொடுத்த பழைய எண் அநாதையாகிவிடும். அதனால் 001-ஐ அதோடு முடிச்சுப் போடாதீர்கள். அப்புறம், ஓஏஐ (பிற தளங்கள் பதிவுகளைத் திரட்டிக்கொள்ள உதவும் நெறிமுறை) வழியாகப் பதிவுகளை வெளியே தரும்போது கோஹா ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஒரு பெயர் ஒட்டும். நிறுவியதும் அந்தப் பெயர் ‘கோஹா-ஓஏஐ-டெஸ்ட்’ என்றுதான் இருக்கும். மாற்ற மறந்த இரண்டு நூலகங்கள் சேர்ந்தால் மறுபடியும் 4521 கதைதான்.