கிளாஸியா, மேட்டா, லஸ்டரா: ஆல்பத்துக்கு எந்தத் தாள்?

போன மாதம் குடும்பப் படங்களில் இருநூறைப் பொறுக்கியெடுத்து பிரிண்ட் போட்டேன். அதற்கு முன் ஒரே படத்தை கிளாஸி (பளபளப்பான தாள்), மேட் (பளபளப்பு இல்லாதது), லஸ்டர் (லேசான சொரசொரப்போடு மிதமாக மின்னுவது) மூன்றிலும் 4x6 அங்குல அளவில் போட்டு, ஒரு வாரம் மேசையிலேயே வைத்துப் பார்த்தேன். கடைசியில் எடுத்தது லஸ்டர்.

முதல் பார்வையில் கண்ணை இழுப்பது கிளாஸிதான். கறுப்பு கறுப்பாகவே விழும், நிறம் துள்ளும். மேட் தாளின் மேற்பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், அதே கறுப்பு அடர்சாம்பலாக வெளிறித் தெரிகிறது. லஸ்டர் நடுவில் நின்றாலும் நிறத்தில் கிளாஸிக்குத்தான் நெருக்கம். விளக்கு வெளிச்சம் கண்ணாடி போல அடிக்கும் தொல்லை கிளாஸியில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கை. ஆல்பம் என்றால் பத்துப் பேர் புரட்டுவார்கள், குழந்தைகள் முகத்தில் விரல் வைத்து "இது யாரு?" என்பார்கள். கிளாஸியில் ஒரு கட்டைவிரல் பட்டால் போதும், இருண்ட வானத்தின் நடுவே ரேகை வரிவரியாகத் தெரியும். துணியால் துடைத்தால் ரேகை போய் மெல்லிய கீறல் வந்து உட்காரும். லஸ்டரிலும் ரேகை விழத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பொடிமணல் போன்ற மேற்பரப்பு பிரதிபலிப்பை உடைத்துவிடுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. மேட்டிலும் ரேகை தெரியாதுதான். ஆனால் இங்க்ஜெட்டில் போட்ட மேட் படம் உரசலைத் தாங்காது. நகம் பட்ட இடம் பளபளவென்று ஒரு கோடாக நின்றுவிடும்.

அப்புறம் ஈரம். பாட்டியின் பழைய கிளாஸி படம் ஒன்று பல வருடம் ஃபிரேமில் கண்ணாடியை ஒட்டியே இருந்தது. மெல்ல உரித்தபோது கன்னத்தின் ஒரு பகுதி கண்ணாடியோடு போய்விட்டது. ரசாயன முறையில் போடும் லேப் பிரிண்டின் மேலடுக்கு ஜெலட்டின். ஈரத்தில் ஊறி இளகும், வழவழப்பான கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். லஸ்டர் சொரசொரப்பாக இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தத் தாளானாலும் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை (படத்தின் ஓரங்களைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடுங்கள்.

லஸ்டருக்கும் ஒரு குறை உண்டு. பின்னால் ஸ்கேன் செய்தால் அந்தச் சொரசொரப்பு சிறு வெள்ளைப் புள்ளிகளாக விழும். தேன்கூடு போல அச்சு பதிந்த சில்க் தாளில் இது இன்னும் மோசம். அதனால் மூலக்கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கனமான பருத்தித் தாளில் போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டப் போகிறீர்களா? சரி, அங்கே மேட்டே அழகு, நானும் அப்படித்தான் செய்வேன். உலோகப் பளபளப்புள்ள மெட்டாலிக் தாளில் இரண்டே படம் போட்டிருக்கிறேன். தண்ணீரும் உலோகமும் மின்னின, மனித முகம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு படத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

பாட்டியின் படத்துக்கு நல்லவேளையாக நெகட்டிவ் கிடைத்தது. லஸ்டரில் போட்டு, மவுண்ட் வைத்து, பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன்.