இலவச வக்கீல் நிஜமாகவே வாதாடுவாரா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பற்றி என் அனுபவம்

இலவச வக்கீல் என்றால் வாய்தாவுக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார் என்று எங்கள் தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். தம்பி வழக்கில் நான் பார்த்தது வேறு.

வேலை செய்த குடோனில் காப்பர் ஒயர் காணோம் என்று அவனைப் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். வெளியில் கேட்ட ஃபீஸ் என் தையல் கடை வருமானத்துக்குக் கட்டாது. கோர்ட் வளாகத்திலேயே இலவச வக்கீல் தரும் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது என்று ஒரு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். ரிமாண்டுக்குக் கொண்டுபோன அன்றே, இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல்முறை கொண்டுவரும்போதே மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும் என்று 2012-இல் மும்பைத் தாக்குதல் தீவிரவாதி கசாப் வழக்குத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கசாபுக்கே உள்ள உரிமை என் தம்பிக்கு இல்லாமல் போகுமா?

மனு வாங்கிக்கொண்டார்கள், வருமானச் சான்று கேட்கவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. அரசுப் பணத்தில் சம்பளம் வாங்குபவர் போலீஸை எதிர்த்துப் பேசுவாரா? அப்புறம்தான் விசாரித்தேன். ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி, செயலாளரும் நீதித்துறை அதிகாரி. கிரிமினல் வழக்குகளுக்கென்றே 2022-இல் வந்த ஏற்பாட்டில் முழுநேர வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்கள் தனியாகக் கேஸ் எடுக்கக்கூடாது. எங்களுக்குக் கிடைத்த மேடம் அந்த ஏற்பாட்டில் வந்தவர்தான்.

ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காரணம் எழுதாமல் கைது செய்யக்கூடாது என்ற 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பைக் காட்டித்தான் ஜாமீன் கேட்டார். கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

விசாரணை அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஏரிக்கரையில் ஒயரைக் கைப்பற்றியதாக மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பறிமுதல் குறிப்பில், இருக்கிறது. மேடம் மகஜர் சாட்சியிடம் மெதுவாகக் கேட்டார்: "கையெழுத்து எங்கே போட்டீங்க?" அவர் சொன்னார்: "ஸ்டேஷன்லதாங்க." ஏரிக்கரைக்குப் போனீர்களா என்றதற்கு, "இல்லைங்க." அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழைப் பையனுக்காக ஒருவர் கேள்வி கேட்கிறார், கேட்க ஒரு நீதிபதி இருக்கிறார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அவன் பக்கத்து நியாயம் கோர்ட்டில் பதிவாகியிருக்கிறது.

குறைகளும் உண்டு. எங்கள் ஊர் அலுவலகத்தில் போனை எடுப்பதே அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். மேடம் தலையில் ஏகப்பட்ட வழக்குகள், வாய்தா நாளில் வராந்தாவில் நின்றபடி பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு வக்கீலுக்கு இத்தனை வழக்குகளைக் கொடுப்பது அவருக்கும் நியாயமில்லை, உள்ளே இருப்பவனுக்கும் நியாயமில்லை. இன்னும் ஆள் போட வேண்டும்.

போகிறவர்கள் ஆதார் நகல், எஃப்.ஐ.ஆர். நகல் அல்லது குற்ற எண், எந்தச் சிறை என்ற விவரம் எடுத்துப் போங்கள். குற்றப்பத்திரிகை நகல் இலவசமாகத் தர வேண்டியது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.