தாரா, ஜிம்னியா? பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு

தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கும்போது மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி என்று இரண்டு பெயரைத்தான் சொல்கிறார்கள். ஷோரூமில் நின்று பார்த்தால் தார்தான் மனதை அள்ளும். ஆனால் நீண்ட நாள் வைத்து ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எடையை.

ஜிம்னி சுமார் 1,200 கிலோ. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் தார் அதைவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல். அந்த அரை டன்னுக்கு வருடா வருடம் கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் பேடு சீக்கிரம் தேயும். தாரின் 18 இஞ்ச் டயர் நான்கு மாற்றுகிற காசு, ஜிம்னியின் 15 இஞ்ச் டயருக்கு ஆகாது. ஐப்பசி மழையில் ஊறிய சரிவில் இறங்கும்போது கனமான வண்டி வழுக்க ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். அகலத்திலும் ஏழு அங்குல வித்தியாசம் இருக்கிறது. எங்கள் களத்துக்குப் போகும் பாதையில் ஜிம்னி தாராளமாகப் போகும். தார் வந்தால் கண்ணாடியை மடக்கியும் ஒருபக்கம் மிளகுக்கொடி உரசும்.

அதற்காக தாரைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. அதன் 2.2 லிட்டர் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே. ஜிம்னி பெட்ரோலுக்கு 134தான், அதற்கும் 4,000 சுற்று வரை மிதிக்க வேண்டும். ஆளும் மூட்டையுமாக வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது தார் அலட்டிக்கொள்ளாது. ஜிம்னியை இரண்டாவது கியரில் போட்டு முக்க வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் டீசலில் ஒரு விஷயம் இருக்கிறது. பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் உண்டு. அந்தக் கரி எரிந்து போக, வண்டி கொஞ்ச நேரமாவது சீரான வேகத்தில் ஓடிச் சூடேற வேண்டும். தினமும் லோ கியரில் தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். திண்டுக்கல், மதுரை என்று வாரம் ஒருமுறையாவது போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

தினம் ஆழமான ஓடை கடக்கிறவர், முன்னும் பின்னும் டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) வேண்டும் என்பவர் ஃபோர்ஸ் கூர்க்காவைப் பார்க்கலாம். கம்பெனியிலிருந்தே இரண்டும் வருகிறது. சர்வீஸ் சென்டர்தான் மாருதி மாதிரி ஊருக்கு ஊர் கிடையாது.

எதை எடுத்தாலும் ஆயுள் நம் கையில்தான். போன மழைக்காலத்தில், நன்றாக ஓடிச் சூடாக இருந்த என் ஜிம்னியை நிறுத்தாமல் ஓடையில் இறக்கிவிட்டேன். மறுவாரம் மெக்கானிக் பின் ஆக்சில் போல்ட்டைக் கழற்றி, "அண்ணே, இங்க பாருங்க" என்று விரலில் தொட்டுக் காட்டினார். பால் விட்ட காபி நிறத்தில் ஆயில். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்த வண்டிக்கும் இதே கதைதான். அன்றே மாற்றியதால் கியரும் பேரிங்கும் தப்பின. இப்போதெல்லாம் கரையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத்தான் இறங்குகிறேன்.

அப்புறம், இரண்டு வண்டியிலுமே ஃபோர் வீலைக் காய்ந்த ரோட்டில் போடவே கூடாது. முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். மாதம் ஒருமுறை மண் பாதையில் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவி, லீவர் இறுகாமல் இருக்கும்.

சரி, எது? மூட்டை ஏற்றி அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர் டீசல் தார் எடுக்கட்டும். தோட்டம், வீடு, பண்ணைக்காடு கடைத்தெரு என்று சுற்றுகிறவருக்கு நான் ஜிம்னியைத்தான் சொல்வேன்.