போனா, கையடக்க ஜிபிஎஸ்ஸா? டவர் இல்லாத பாதையில் எது கை கொடுக்கும்?

டவர் இல்லாத இடத்தில் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தைப் போனே கணக்குப் போட்டுவிடும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட் வழியாகச் சட்டென்று வாங்கித் தருவதுதான் டவரின் வேலை. அது இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். வெட்டவெளியில் அசைக்காமல் வைத்தால் புள்ளி வந்துவிடும்.

வராமல் போவது மேப்தான். வெள்ளைத் திரை நடுவில் நீலப் புள்ளி மட்டும் நின்றால் யாருக்கு என்ன லாபம்? அதனால் கிளம்புவதற்கு முன்பே மேப்பை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸில் பகுதியை இறக்கலாம், ஆனால் நெட் இல்லாதபோது அது வண்டிக்குத்தான் வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. காட்டுப்பாதைக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து ஓடும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்கள் மேல். ஒற்றையடித் தடம் வரை காட்டும். இறக்கியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, போகும் பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

போன், ஜிபிஎஸ்ஸுக்கென்றே வரும் கையடக்கக் கருவி, இந்த இரண்டில் ஒன்றைத் துல்லியத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. திறந்த வானத்தின் கீழ் ஒரு நல்ல போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். அடர்ந்த மரங்களுக்குள்ளும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசையில் வாங்கும் கருவிக்குச் சற்று அனுகூலம் உண்டு. ஆனால் அந்த வசதி இப்போது பல போன்களிலும் வந்துவிட்டது.

வித்தியாசம் பயணத்தின் மூன்றாவது மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டில் வெயில் அடிக்கிறது, போன் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. முதலில் திரை மங்கும், அப்புறம் சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் சூடு ஆறும்வரை திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்துங்கள் என்பதுதான் ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு. மழை பெய்தால் வேறு கூத்து: திரையில் விழும் துளியையே விரல் என்று நினைத்து மேப் தன்பாட்டுக்கு நகரும். பைக் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. சக்தி வாய்ந்த இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது.

கையடக்கக் கருவி இதற்கெல்லாம் அசையாது. பொத்தான் வைத்த மாடல் என்றால் கையுறையோடும் அழுத்தலாம். பல மாடல்களின் திரை சூரிய ஒளியையே திருப்பி அனுப்பிக் காட்டுவதால், வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும். கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். தீர்ந்தால் பையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துப் போடுங்கள், முடிந்தது. சார்ஜர், பவர் பேங்க் எதையும் தேட வேண்டாம்.

ஆனால் அதில் ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது இருக்கிறதே, பொறுமைக்கு வைத்த பரீட்சை! திரையோ தீப்பெட்டி அளவு. வழியைப் போனிலோ கணினியிலோ வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழியைச் சேமிக்கும் கோப்பு வகை) அதற்குள் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

கரடுமுரடான பாதைக்கென்று டேஷ்போர்டில் பொருத்தும் பெரிய ஆஃப்ரோடு நேவிகேட்டர்? வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்பவருக்குச் சுகம். மற்றவர்கள் யோசித்து வாங்கலாம்.

எதை வாங்கினாலும் ஏமாற வைக்கும் விஷயங்கள் இரண்டு பொது. கருவி 'இன்னும் 3 கிலோமீட்டர்' என்று நேர்கோட்டில் சொல்லும், நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தாலும். இன்னொன்று ஆயத்தொலைவு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை எழுதும் முறை. 10 டிகிரி 30 நிமிடம் என்று ஒருவர் சொன்னதை 10.30 என்று தட்டினால் போச்சு. 30 நிமிடம் என்பது அரை டிகிரி, அதனால் அது 10.5. அட்சரேகையில் இந்தச் சின்னப் பிழை உங்களை 22 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தும்.

சரி, மாட்டிக்கொண்டால்? ஜிபிஎஸ் கேட்க மட்டுமே செய்யும், பேசாது. நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், தேடி வருபவருக்குத் தெரியாது. அதற்கு இரிடியம் போன்ற செயற்கைக்கோள் வலை வழியாகச் செய்தி அனுப்பும் தனிக் கருவி வேண்டும். ஐபோன் 14 முதல் சில நாடுகளில் போனிலேயே அவசரச் செய்தி அனுப்பலாம். அனுமதியில்லாமல் இத்தகைய கருவி வைத்திருப்பதே குற்றமான நாடுகளும் உண்டு, போவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

என் ஏற்பாடு இது: வழி பார்க்கப் போன், வந்த தடத்தைப் பதிவு செய்ய ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரணக் கையடக்கக் கருவி, பையின் அடியில் ஒரு காகித வரைபடம். பணம் கொஞ்சம்தான் என்றால் விலை உயர்ந்த நேவிகேட்டரை விட்டுவிட்டு, செய்தி அனுப்பும் கருவியைத்தான் முதலில் வாங்குவேன். வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கும்போது, கதவைப் பூட்டும் முன் அந்த இடத்தை இரண்டு கருவியிலும் குறித்துக்கொள்வேன்.