டார்க் ரென்ச்சும் மூன்றாம் பிளக்கும்

விலை இறங்கியிருக்கிறதாம், கிளிக் டார்க் ரென்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் 'டிக்' சொல்லும் ஸ்பேனர்) வாங்கலாமா என்று டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டார். என்னிடம் இருப்பதுபோலவே அவரிடமும் தென்னாப்பிரிக்காவின் யூடன்ஹேக் ஆலையில் கட்டிய பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்தான்.

என் ரென்ச்சில் குறை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சர்வீஸிலும் அது உயிரை வாங்குகிறது. அதன் இறுக்க அளவு 20 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. இன்ஜினின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் 14 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டியதோ 25 முதல் 30. அந்த அடிமட்டத்தில் 'டிக்' காதிலேயே விழாது, கையில் லேசாக உணர்ந்தால் உண்டு. இதில் மூன்றாம் சிலிண்டர் வேறு! இடது பக்கம், ஃபேன் கூட்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடம். வளைந்துகொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் மாட்டினாலும் கைப்பிடியை முழுசாகச் சுற்ற வழியில்லை.

சரி, ரென்ச்சை மட்டும் திட்டுவது நியாயமில்லை. முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றினார்கள். ஹெட்டின் மரையும் கூடவே வந்துவிட்டது. எஃகு மரைச் சுருள் வைத்துச் சரிசெய்த செலவுக்குப் பிறகுதான் இதை வாங்கினேன். அன்றிலிருந்து ஒரு மரையும் போகவில்லை.

ஆனால் அந்தப் பெருமையில் பாதி ஒரு பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டுக்குப் போகவேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முனையில் அதைச் செருகி விரலால் திருப்புவேன். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் தானாக வழுக்கிவிடும், பலத்தைக் காட்டவே முடியாது. வாஷர் உட்கார்ந்தபின் புது பிளக்குக்கு அரைச் சுற்று. முதலில் மெத்தென்று அமுங்கும், பிறகு சட்டென்று கெட்டியாகும், அங்கே நிறுத்தவேண்டும். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற தூரம் போதும். இறுக்கம் குறைந்தாலும் ஆபத்துதான்: பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது, பிளக் வெந்துபோகும்.

மரையில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்லும் பெரியவர்கள் டர்பனில் நிறைய. அந்த 25 முதல் 30 உலர்ந்த மரைக்கான கணக்கு. கிரீஸ் இருந்தால் ரென்ச் 'டிக்' சொல்வதற்குள் பிளக் அளவுக்கு மேல் இறுகியிருக்கும். என்ஜிகே கம்பெனியே தங்கள் பிளக்குக்கு வேண்டாம் என்கிறது. பெரியவர்களோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

ஆகவே தம்பி, பிளக்குக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், ஹோஸும் அரைச் சுற்றும் போதும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் 60-க்கு மேல் போகாத சின்னதாகப் பாருங்கள், வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். என்னுடையதைக் கடன் மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.