புல்தரையை எடுத்துவிட்டு எருக்கு வாங்கிய கடை

திருச்சியில் எங்கள் வீட்டு முன்புறம் 400 சதுர அடிக்குக் கொரியன் புல் இருந்தது. கோடையில் தினமும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால்தான் பச்சை தங்கும். அவ்வளவு தண்ணீர் குடித்த புல்லில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மனம் வெறுத்துப்போய், போன ஆண்டு சித்திரையில், நாட்டுச்செடிகளுக்கென்றே இருக்கும் ஒரு சிறிய நாற்றங்காலுக்குப் போனேன்.

"பூ வேண்டுமா, பூச்சி வேண்டுமா அம்மா?" என்றார் அங்கிருந்த பெரியவர். இரண்டும் என்றேன். "அப்படியானால் இலையெல்லாம் கடிபடும். பிறகு மருந்தடிக்கக் கூடாது, சம்மதமா?"

அன்று அவர் ஒரு செடிகூட விற்கவில்லை. கொரியன் புல்லைப் பிடுங்கினால் மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்குமாம். கறுப்புத் தார்ப்பாய் போட்டு ஆறு வாரம் மூடிவையுங்கள், புரட்டாசியில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கையில் பணத்தோடு வந்தவளைக் காத்திருக்கச் சொன்ன அந்தக் கடைமேல் அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

புரட்டாசியில் வாங்கியவை: தரை மூடப் பொடுதலை, சுவரோரம் ஆடாதோடையும் ஆவாரையும், இடையில் தும்பை, வெயில் மூலையில் எருக்கு, சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதற்கு ஆடுதீண்டாப்பாளை. நாற்று ஒன்று 30 ரூபாயிலிருந்து 80 ரூபாய் வரை. வேர் பையை முட்டிச் சுருண்டுபோன நாற்று ஒன்றுகூட இல்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை போட்டுக்கொண்டு நடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

எருக்கைக் கண்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டில் எருக்கு முளைக்க என்று ஊரில் சாபம் விடுவார்கள். நீ காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாயே!" மாசியில் ஒரு நாள் காலை அவர்தான் என்னைக் கூப்பிட்டார். இலையின் அடியில் ஒரு புழு. கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், நடுநடுவே மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கு அப்பால் இருந்த பகுதியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு அது கூட்டுப்புழுவாகித் தொங்கியபோது, தங்கப் பொட்டு வைத்த பச்சைக் கம்மல் போலிருக்கிறது என்றார். இப்போது எருக்கின் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோக அவர் யாரையும் விடுவதில்லை.

குறை ஒன்று உண்டு. அந்த நாற்றங்காலில் நித்தியகல்யாணித் தொட்டிகளுக்கும் 'நாட்டுச்செடி' என்றே அட்டை குத்தியிருக்கிறார்கள். அது மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. சொன்னபோது, கேட்டு வருகிறார்களே என்றார் பெரியவர். விற்கட்டும், ஆனால் அந்த அட்டை வேண்டாம். நம்பி வருகிறவர்கள் அதைப் படித்துத்தான் வாங்குகிறார்கள். தும்பை விதை விட்டதும் காய்ந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். செத்துவிட்டதென்று வருந்தினேன். அடுத்த மழைக்குத் தானே முளைத்தது.

பொடுதலையில் நடக்கலாம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் தாங்காது. இந்தக் கோடையில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விட்டேன்.

போவதானால் புரட்டாசி முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். ஐப்பசி மழை பிடித்தபின் போன என் தங்கைக்கு ஆடுதீண்டாப்பாளை ஒரு நாற்றுக்கூடக் கிடைக்கவில்லை.